பூட்டன் சாப்பாடு

பெண்ணுக்கு நிச்சயம் என்றால் தாய்மாமன் வந்து நின்றாக வேண்டும். குடும்பமே பாரிசுக்குக் குடிபெயர்ந்து இருபது வருடம் ஆனாலும் இந்தச் சட்டத்துக்கு விலக்கு இல்லை என்று அக்கா எங்கள் பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் அழுதாள். அவள் அழுத நேரத்துக்குப் பிரெஞ்சு அரசாங்கம் போட்டிருக்கும் பில்லை நினைத்து, உடனே சரி என்று சொல்லிவிட்டேன். புதுச்சேரி மின்சார இலாகாவில் மீட்டர் பிரிவு மேற்பார்வையாளன் நான். விடுப்பு விண்ணப்பத்தைப் பார்த்த மேலதிகாரி, "பாரீசா, பாகூரா?" என்று இரண்டு முறை கேட்டார். பாகூருக்கே நான் இலாகா ஜீப் இல்லாமல் போனதில்லை.

எண்பத்தைந்தாம் ஆண்டு, செப்டம்பர் கடைசி வாரம், ஒரு வியாழக்கிழமை போய் இறங்கினேன். அக்கா மகள் பெர்நாதெத் விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. கன்னத்தில் இரண்டு பக்கமும் முத்தம் கொடுத்து, "நல்லா இருக்கீங்களா மாமா?" என்றாள். அதற்குமேல் தமிழ் தேவைப்பட்டபோது கொஞ்சம் யோசித்தாள். அவள் அம்மா தமிழில் கேட்பாள், இவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். இருவருக்கும் சண்டை மட்டும் எந்தத் தடங்கலும் இல்லாமல் நடக்கும்.

வீடு மார்க்ஸ் டோர்மோய் பகுதியில், ஐந்தாவது மாடி. லிப்ட் கிடையாது. படிக்கட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிகிறது. மூன்றாவது மாடியை நெருங்கும்போது தானாக அணைந்துவிடுகிறது. பெட்டியோடு இருட்டில் நின்றேன். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடாம். எங்கள் ஊரில் அந்த வேலையை இலாகாவே பார்த்துக்கொள்வதால் பொத்தான் செலவு இல்லை.

அத்தான் பெயர் அந்துவான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். பென்ஷன் வரும் வாரம் அந்தச் சொல்லில் மரியாதை இருக்கும், மற்ற வாரங்களில் பொறாமை இருக்கும். "வாய்யா மச்சான், பயணமெல்லாம் எப்படி?" என்று கட்டிக்கொண்டார். இரவுச் சாப்பாட்டுக்கு மிளகு ரசமும் நீள ரொட்டியும். ரொட்டியை ரசத்தில் முக்கித் தின்பதற்காகவே ஒருவன் இவ்வளவு தூரம் வரலாம். இரண்டு நாடுகள் சேர்ந்து செய்த காரியங்களில் உருப்படியானது அது ஒன்றுதான்.

கூடத்துச் சுவரில் மூன்று படங்கள், மூன்றும் ராணுவ உடுப்பில். முதல் உலகப் போருக்கு வந்த அத்தானின் தாத்தா. இரண்டாம் போரில் இருந்த அப்பா. இந்தோசீனாவில் அத்தான். மூன்று படங்களுக்குக் கீழேயும் பதக்கங்கள். நாலாவதாக, தாத்தாவுக்கும் அப்பன் ஒருவர் இருந்தார். அவர்தான் பூட்டன் மிக்கேல். அவருக்குப் படம் கிடையாது. அவரைப் படம் எடுத்தவர்கள் குடும்பத்துக்குப் பிரதி கொடுக்கவில்லை என்பாள் அக்கா.

விஷயம் இதுதான். பூட்டன் சாராயக் குத்தகைக்காரரின் கிடங்குக்குத் தீ வைத்தார். ஏன் வைத்தார் என்பதற்குக் குடும்பத்தில் நான்கு காரணங்கள் உண்டு. நான்கிலும் பூட்டன் நல்லவர். வெள்ளைக்காரக் கோர்ட்டுக்கு அதில் ஒன்றும் பிடிக்காமல், அவரைக் கயேனுக்குத் தீவாந்தரம் அனுப்பியது. தென்னமெரிக்காவில் காட்டுக்கும் கடலுக்கும் நடுவே பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த கைதிக் குடியேற்றம் அது. போனவர்கள் திரும்புவது அபூர்வம். பூட்டன் திரும்பினார், தலை முழுக்க நரைத்து, மகன் கல்யாணமும் முடிந்த பிறகு.

வந்தவர் உட்கார்ந்து சாப்பிடவில்லை. சுவரில் முதுகைக் கொடுத்து நிற்பார். தட்டை மார்போடு பிடித்து, இடது கையை அதைச் சுற்றி வளைத்துக்கொள்வார். கண் தட்டைவிட்டு எழாது, வாயில் பேச்சு இருக்காது. கடைசியில் ரொட்டியில் பாதியை இடுப்பில் செருகிக்கொண்டு, "அடுத்த வேளைக்கு" என்பார். அடுத்த வேளைக்கு மருமகள் சுடச்சுடச் சோறு வைப்பாள் என்பது அவருக்குத் தெரியும், ஆனாலும் செருகிக்கொள்வார். சாகும்வரை இப்படியே.

அவர் செத்தது செப்டம்பர் இருபத்தொன்பது, தேவதூதரான மிக்கேல் சம்மனசின் திருநாளன்று. அதனால் வருடாவருடம் அந்த நாள் உச்சி வேளையில் குடும்பம் முழுவதும், கட்டிக்கொண்டு வந்த மருமக்கள் உட்பட, சுவரோரம் வரிசையாக நின்று, உப்பில்லாமல் அவித்த மொச்சையும் ஒரு துண்டு ரொட்டியும் தகரத் தட்டில் சாப்பிடுவார்கள். பாதி ரொட்டியைப் பையில் வைத்து, "அடுத்த வேளைக்கு" என்று சொன்ன பிறகுதான் நிமிரலாம், பேசலாம். இதற்குப் பூட்டன் சாப்பாடு என்று பெயர். அக்கா கல்யாணமாகிப் போன முதல் வருடம், தன்னை ஏதோ தப்புக்காகச் சுவரோரம் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்து அழுதாளாம். எங்கள் வீட்டுக்கு விவரம் தெரிந்தபோது தாலி ஏறி ஆறு மாதம் ஆகியிருந்தது.

வெளியாள் யாராவது கேட்டால் ராணுவப் பழக்கம் என்பார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. தாத்தா பதுங்குகுழியில் அப்படித்தான் நின்று தின்றார். அப்பா ஜெர்மன்காரரிடம் பிடிபட்டு முள்வேலிக்குள் கிடந்தார். அத்தான் இந்தோசீனாவில் பிடிபட்டு, காட்டு முகாமில் எலும்பாக ஒடுங்கினார். பையில் மிச்சம் வைக்கத் தெரிந்ததால்தான் பிழைத்தோம் என்று மூன்று பேரும் சொன்னதுண்டு. பிரெஞ்சு அரசாங்கம் அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த பயிற்சி அது ஒன்றுதான். கொடுத்தது கைதிக்கு, பயன்பட்டது அதே அரசாங்கத்தின் மூன்று சண்டைகளுக்கு.

இப்போது சிக்கல் என்னவென்றால், அந்த வருடம் மிக்கேல் சம்மனசு ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைத்தது. மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்துக்குக் குறித்ததும் அதே ஞாயிறு.

வெள்ளிக்கிழமை என்னை லா சப்பலுக்கு மொச்சை வாங்க அனுப்பினார்கள். தனியாகப் போய்ப் பழகட்டும் என்று அத்தான் மஞ்சள் நிற மெத்ரோ டிக்கெட் இரண்டைக் கையில் கொடுத்தார். நடந்தே போயிருக்கலாம் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. உள்ளே நுழைந்ததும் நம்மூர் வழக்கப்படி டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிட்டேன். ஏதோ ஒரு நிலையத்தில் வழி தப்பி நின்றபோது, உடுப்புப் போட்ட இரண்டு பேர் வழிமறித்து டிக்கெட் கேட்டார்கள். என் பைகளை எல்லாம் வெளியே இழுத்துக் காட்டினேன். பின்னால் வந்த ஒரு யாழ்ப்பாணத்து ஆள் எனக்காகப் பிரெஞ்சில் ஏதோ மன்றாடினார். "இவர் நேற்றுத்தான் வந்த மனுசன், ஒண்டும் தெரியாது" என்று சொன்னாராம். விட்டுவிட்டார்கள்.

"அண்ணை, இஞ்சை வெளியிலை போகுமட்டும் டிக்கெட்டை எறியப்படாது. பொக்கற்றுக்குள்ளை வைச்சிருக்க வேணும்" என்றார் அவர். லா சப்பலில் கொண்டுவந்து இறக்கியும் விட்டார்.

லா சப்பல் நிலையம் இரும்புத் தூண்களின் மேல் வானத்தில் நிற்கிறது. கீழே இறங்கினால் அரபிக் கசாப்புக்கடை, அதற்கடுத்து நம் சாமான் கடை. முருங்கைக்காய் ஒவ்வொன்றையும் கண்ணாடிப் பாத்திரம் போலத் தாளில் சுற்றி வைத்திருந்தார்கள். அதன் விலையைப் பார்த்ததும், எங்கள் வீட்டுக் கொல்லையில் மரத்தோடு நிற்கும் சொத்தின் மதிப்பு எனக்குப் புரிந்தது.

"மொச்சையோ அண்ணை? ஓம், கிடக்கு. எவ்வளவு போடட்டும்?" என்றார் கடைக்காரர். நிறுத்துக்கொண்டே, "ஏன், வீட்டிலை விசேஷமோ?" என்று கேட்டார்.

"ஒரு வேண்டுதல்" என்றேன்.

"அப்ப கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வையுங்கோ, நல்லாய் இருக்கும்."

"உப்புகூடப் போட மாட்டாங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. இரண்டு பிடி அதிகமாகவே போட்டுக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது வீட்டில் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. "ஒரு வருஷம் விட்டா பூட்டனாரு எழுந்து வந்து கேக்கப் போறாரா?" என்றாள் அக்கா.

"முகாம்ல வெறும் கஞ்சித் தண்ணிய வச்சிக்கிட்டு நின்னேன். அங்கேயே விடல, இங்க விடறதா?" என்றார் அத்தான். அதற்குமேல் அவரிடம் பேச முடியாது.

அத்தானின் தங்கை தெரேஸ் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மொச்சையில் கல் பொறுக்கினாள். ஐம்பதைத் தாண்டியவள். புதுச்சேரியில் அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள், "தீவாந்தரம் போனவன் வீடு" என்று யாரோ சொன்னதால் கலைந்தன. மூன்றாவது வரவில்லை. "எனக்கு ஆனது போதும். பாப்பாவுக்கு ஆகக் கூடாது" என்று மட்டும் சொன்னாள்.

பெர்நாதெத் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். மாப்பிள்ளை லூசியன் அதே ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருப்பவன். இரண்டு வருடக் காதல். பெரியவர்கள் பார்த்துப் பேசி முடித்ததாக இரண்டு வீட்டாரும் நடித்துக்கொண்டிருந்தோம். "லூசியன்கிட்ட பூட்டன் விஷயத்த நான் எப்பவோ சொல்லிட்டேன் மாமா. அவருக்கு ஒண்ணுமில்ல. ஆனா அவங்க பப்பா சம்மதிக்கலன்னா கட்டிக்க மாட்டாராம்." பிறகு பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். என்ன என்று கேட்டேன். "ரொம்பப் பயமா இருக்கு" என்றாள்.

சனிக்கிழமை அந்தப் பப்பாவைப் பார்க்க அத்தான் என்னை அழைத்துப் போனார். பெரிய ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு காபிக் கடை. முசே சவரிமுத்து எங்களுக்கு முன்னாலேயே வந்து, கைக்கடிகாரத்தை மேசைமேல் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். காரைக்கால்காரர். சாம்பல் நிறக் கோட்டு, மடிப்புக் குலையாத குடை. நீதி இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். நீதிபதியை நேரில் பார்ப்பது போலத்தான் இருந்தது. காபி விரலளவு கோப்பையில் வந்தது. எங்கள் ஊரில் அந்த அளவில் மருந்துதான் கொடுப்பார்கள்.

"நான் உத்தியோகத்துல ஒரு நாள் நேரம் தவறினதில்ல" என்று ஆரம்பித்தார். பிறகு, "உங்க வீட்டுல மூணு தலைமுறை பதக்கம் இருக்குன்னு கேள்விப்பட்டேன். சந்தோஷம். எங்க வழக்கத்துல நாலு பாப்போம். உங்க பூட்டனாரு என்ன செஞ்சாரு?"

மூன்றோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் உலகத்தில் எத்தனையோ குடும்பங்களில் இருக்கிறது. இவர் வீட்டில் நாலு.

"கயேன்ல இருந்தாரு. அரசாங்க வேலை" என்றார் அத்தான்.

"கயேனா. எந்த இலாகா?"

அத்தான் கோப்பைக்குள் பார்த்தார். போரில் சுடப்பட்டவர், பொய் சொல்லப் பழகாதவர். "பொதுப்பணித் துறைங்க" என்று நான் முந்திக்கொண்டேன். ரோடு போட்டார், காடு வெட்டினார். பொதுப்பணி இல்லாமல் வேறென்ன. போகிற கப்பல், தங்குமிடம், சாப்பாடு, உடுப்பு எல்லாம் அரசாங்கச் செலவு. விடுப்பு மட்டும்தான் கிடைக்கவில்லை.

சவரிமுத்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லது. நாளைக்கு ஒரு மணிக்கு அங்க இருப்போம்" என்று கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

வீட்டில் திட்டம் போட்டோம். சனி மாலைப் பூசையோடு ஞாயிற்றுக்கிழமைக் கோவில் கடமை முடிந்தது. ஞாயிறு பன்னிரண்டு மணிக்குப் பூட்டன் சாப்பாடு. கால் மணி நேரத்தில் முடித்து, தட்டுகளை ஒளித்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்துப் பிரியாணியை வைத்துவிடலாம். நான் அந்த வம்சம் இல்லை என்பதால் எனக்கு மொச்சை கிடையாது. விருந்தாளிகளை மெத்ரோ வாசலில் போய் அழைத்துவரும் வேலை என்னுடையது.

படுக்கப் போகும் முன் அத்தான் வீடு முழுவதும் நடந்து கடிகாரங்களை எல்லாம் ஒரு மணி நேரம் பின்னால் திருப்பினார். கோடைக்காக ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்த கணக்கு அன்றிரவோடு முடிகிறதாம், அரசாங்க உத்தரவு. எங்கள் ஊரில் அரசாங்கம் ஏதாவது ஒன்றை எடுத்துத்தான் பார்த்திருக்கிறேன். மக்களுக்கு ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்த அரசாங்கம் எனக்குப் புதிது.

ஞாயிறு. பன்னிரண்டாகப் போகிறது. நிச்சயத்துக்கு உடுத்திய உடையோடு நால்வரும் கூடத்துச் சுவரோரம் நின்றார்கள். அக்கா காஞ்சிபுரம் பட்டில், தெரேஸ் கறுப்புக் கரை போட்ட சேலையில், பெர்நாதெத் தலையில் மல்லிகையோடு, அத்தான் கோட்டில் பதக்கங்களோடு. நால்வர் கையிலும் நசுங்கிய தகரத் தட்டு. கோவில் மணி அடித்தது. நான்கு இடது கைகள் தட்டைச் சுற்றி வளைந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்ததால், மெத்ரோவுக்கு இன்னும் நேரம் இருந்தும் கிளம்பிவிட்டேன்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் படிக்கட்டில் காலடிச் சத்தம். முன்னால் குடை, அதற்குப் பின்னால் சவரிமுத்து, அவர் மதாம், கடைசியில் கேக் பெட்டியோடு லூசியன். உத்தியோகத்தில் ஒரு நாள் நேரம் தவறாத மனிதர் கடிகாரத்தைத் திருப்ப மறந்துவிட்டார்.

"சரியா ஒரு மணி" என்றார்.

அப்போது விளக்கு அணைந்தது. இருட்டில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "வாங்க, வாங்க. இங்க பாருங்களேன், இந்த மீட்டர எங்க வச்சிருக்கான்னு" என்று சுவரைத் தடவி, கதவுக்கு முன்னால் மறித்து நின்றுகொண்டேன். பொத்தானை அமுக்கினேன். எங்கள் ஊர் மீட்டருக்கும் பாரிஸ் மீட்டருக்கும் உள்ள வேறுபாட்டை, முத்திரை வைப்பதில் தொடங்கி விளக்கினேன். விளக்கு மறுபடி அணைந்தது. மறுபடி அமுக்கினேன். இலாகாவில் சேர்ந்த நாளிலிருந்து நான் இவ்வளவு அக்கறையாக மீட்டரைப் பற்றிப் பேசியதில்லை.

"உங்களுக்கு உடம்பு ஒண்ணும் இல்லையே?" என்று மதாம் கேட்டார். அவர் மூச்சு வாங்க, கதவில் சாய்ந்தார். நான் சாத்திய கதவு பூட்டிக்கொள்ளவில்லை. திறந்துகொண்டது.

உள்ளே நால்வரும் நின்றார்கள். வழக்கம் என்றால் வழக்கம். ஒருவரும் நிமிரவில்லை, பேசவில்லை. தெரேஸ் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு சம்பந்தம் போனதைப் பார்த்தவள், மூன்றாவது போவதைப் பார்க்க விரும்பவில்லை.

"இது ராணுவப் பழக்கமுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சவரிமுத்து குடையை மூலையில் சாத்தினார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். அந்த வரிசையின் முன்னால் மெதுவாக நடந்தார். பலகைத் தரையில் அவர் குதிகால் ஒரே சீராக ஒலித்தது. ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் அரை நொடி நின்றார், தட்டைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. கடைசியில் அத்தானிடம் வந்து, அங்கேயே திரும்பி, வந்த வழியே அதே சீராக நடந்தார். தாம் நடப்பது அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். மதாம் கை வாயைப் பொத்தியிருந்தது.

அத்தானைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஆனால் காது அந்தக் குதிகாலோடு போய்வந்தது. முகம் மாறிவிட்டது. அந்தக் காவல்காரன் நடையை அவர் இதற்கு முன் கேட்டிருக்கிறார், காட்டு முகாமில். அவசரப்படாமல் கடைசி மொச்சையைத் தின்று, பாதி ரொட்டியைக் கோட்டுப் பையில் வைத்து, "அடுத்த வேளைக்கு" என்றார். மற்ற மூவரும் சொன்னார்கள். பிறகு நிமிர்ந்தார்.

"முசே, நீங்க நீதி இலாகாவுல எந்தப் பக்கம்?"

சவரிமுத்து அப்போதுதான் தன் கைகள் முதுகுக்குப் பின்னால் இருப்பதைக் கவனித்தார். பிரித்துத் தொங்கவிட்டார். அவற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஜெயில்" என்றார். "வார்டரா சேர்ந்தேன். கடைசியில மேற்பார்வை."

லூசியன் கேக் பெட்டியைப் பார்த்தான். மகனுக்குத் தெரிந்திருக்கிறது, வெளியே சொல்லக் கூடாது என்பது அந்த வீட்டு உத்தரவு.

"உங்க பூட்டனாரு பொதுப்பணின்னு சொன்னாரு உங்க மச்சான்" என்றார் சவரிமுத்து. குரலில் அதிகாரம் இல்லை.

"ஆமா. உங்கள மாதிரி ஆளுங்க முன்னால நடக்க, அவரு கல்லு உடைச்சாரு." அத்தான் நேராக நின்றார். "தீவாந்தரக் கைதி. சொல்லியிருக்கணும். எம் பொண்ணுக்காகச் சொல்லல. இப்ப நீங்க திரும்பிப் போனாலும் நான் தப்பு சொல்ல மாட்டேன்."

"கைய வளச்சிருந்தீங்களே, அப்பவே சந்தேகம் வந்துது. கைய யாரு வேணாலும் வளைக்கலாம்னு நினைச்சேன். ரொட்டிய பையில வச்சீங்க, உறுதியாயிடுச்சி." சவரிமுத்து நிறுத்தி, மறுபடி தொடங்கினார். "சாப்பாட்டுக் கூடத்துலேருந்து ரொட்டி வெளிய போகக் கூடாது. சட்டம். வாசல்ல நின்னு பையத் தடவி எடுக்கணும். தினம் எடுத்தேன். குப்பையிலதான் போடுவோம். ஒரு ஆளும் அடுத்த வேளைக்குன்னு என்கிட்ட சொன்னதில்ல. சொன்னா மட்டும் விட்டிருப்பேனா."

மதாம் சவரிமுத்து நாற்காலியை இழுத்துப்போட்டு, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார். "நாலு தலைமுறை கேட்டீங்க அவங்கள" என்று புருஷனிடம் சொன்னார். "நம்ம ஒரு தலைமுறையே நாம சொல்லல."

எனக்கு அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போலிருந்தது.

லூசியன் கேக்கை என் கையில் கொடுத்தான். சமையலறைக்குப் போய், பானையில் மிச்சமிருந்த மொச்சையை ஒரு தட்டில் போட்டுக்கொண்டு வந்து, பெர்நாதெத்துக்குப் பக்கத்தில் சுவரில் முதுகைக் கொடுத்து நின்றான். கட்டிக்கொண்டு வரும் மருமகனுக்கும் உண்டு என்று அவளிடம் கேட்டு வைத்திருக்கிறான் போல. தெரேஸ் கண்ணைத் திறந்தாள்.

சவரிமுத்து மகனைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அக்காவிடம் கை நீட்டினார். "தட்டு இன்னொண்ணு இருக்காம்மா?"

அக்கா தன் தட்டையே துடைத்து, மொச்சை போட்டு, ரொட்டித் துண்டை மேலே வைத்துக் கொடுத்தாள். அவர் சுவரில் சாய்ந்தார். வாழ்நாளெல்லாம் எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்த்த மனிதருக்கு இடது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அத்தான் போய் அந்தக் கையைப் பிடித்து, தட்டைச் சுற்றி வளைத்துவிட்டார்.

"இப்படிங்க. இல்லன்னா பக்கத்துல நிக்கிறவன் எடுத்துடுவான்."

"பக்கத்துல நிக்கிறது எம் புள்ளதானே."

"அதுக்குத்தான் சொல்றேன்."

ஒரு வாய் போட்டதும் சவரிமுத்து முகத்தைச் சுளித்தார். "உப்பே இல்லையே" என்றார். அத்தான் சட்டென்று, "பேசக் கூடாது" என்றார். சவரிமுத்து தலையை ஆட்டிவிட்டு, கண்ணைத் தாழ்த்தி, கடைசி மொச்சை வரை தின்றார். அக்கா தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பிரியாணிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள்.

மற்றதெல்லாம் ஊர் வழக்கப்படி நடந்தது. மோதிரம் போட்டார்கள். தாய்மாமன் என்று என்னைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள். எதற்கு என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. தெரேஸ் இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தாள். கல்யாணத் தேதி வைத்தபோது, "அடுத்த மிக்கேல் சம்மனசுக்கு நாங்க சரியான நேரத்துக்கு வருவோம்" என்றார் சவரிமுத்து.

இருட்டுவதற்கு முன் அவர்களை வழியனுப்ப லா சப்பல் வரை நடந்தேன். லூசியன் பெர்நாதெத்தோடு பின்தங்கிவிட்டான். பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு கடைக்காரர் கதவை இழுத்துவிட்டு, "எல்லாம் நல்லபடியாய் முடிஞ்சுதோ அண்ணை?" என்றார். மொச்சை கொடுத்தவர்தான். "ஓம்" என்றேன். அந்தச் சொல் என் வாயில் எப்படி ஏறியது என்று தெரியவில்லை.

நிலையப் படிக்கட்டடியில் சவரிமுத்து என் கடிகாரத்தைப் பார்த்துத் தன்னுடையதை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பினார். பிறகு டிக்கெட்டுக்காகக் கோட்டுப் பையில் கைவிட்டார். டிக்கெட்டோடு பாதி ரொட்டியும் வெளியே வந்தது. சாப்பாட்டு நேரத்துக் குழப்பத்தில் அவர் அதை வைத்துக்கொண்டதை நான் கவனிக்கவில்லை; அவர் "அடுத்த வேளைக்கு" என்று சொன்னதாகவும் நினைவில்லை.

"என்னங்க இது, காஞ்சு போச்சே" என்று மதாம் கை நீட்டினார். பக்கத்திலேயே குப்பைத் தொட்டி இருந்தது.

சவரிமுத்து கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ரொட்டியை மறுபடி பையில் வைத்து, பொத்தானைப் போட்டார்.

"இருக்கட்டும்மா" என்றார். "அடுத்த வேளைக்கு."